கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் இணைய மறுக்கிறதா?

மாப்பிள்ளையூரணியிலிருந்து வந்திருக்கும் ஒரு கேள்வி இந்த இதழில் முதலில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. உரம், பூச்சி பற்றிய கேள்வி இல்லை. ஆனால் இரண்டு குடும்பங்களின் பயிர்க் காப்பீடு கைநழுவிப் போனதற்குக் காரணமான விஷயம் என்பதால் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்டவர் மானாவாரி விவசாயி. வீடு மாப்பிள்ளையூரணியில்; நிலம் ஓட்டப்பிடாரம் பக்கம். கரிசல் மண்ணில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறார். உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்றின் கணக்கு வழக்கும் அவர் பொறுப்பில் இருக்கிறது. உறுப்பினர்களின் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் நகல் எல்லாம் அவருடைய வாட்ஸ்அப்புக்குத்தான் வரும். போன் திரையில் சர்வே எண்ணைப் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில் வாட்ஸ்அப்பை இணைத்து, பெயர் வாரியாகப் பிரித்து, பொது சேவை மையத்துக்கு அனுப்புவது வழக்கம்.

ராபி பருவக் காப்பீட்டுக்குக் கடைசி நாளுக்கு முந்திய மாலை, பதினோரு பேருடைய நகல்களை அனுப்பியிருக்கிறார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. அனுப்பியாயிற்று என்ற நினைப்பில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டார். மறுநாள் மதியம் மையத்துக்குப் போன் செய்தால், அங்கிருந்த பெண், “ஒண்ணுமே வரலியே அண்ணாச்சி” என்றிருக்கிறார். லேப்டாப்பைத் திறந்தால் வாட்ஸ்அப் இணையவே மாட்டேன் என்றது. பிறகு ஆளாளுக்கு அலைந்து ஜெராக்ஸ் எடுத்து, சாயங்காலத்துக்குள் ஒன்பது பேருக்குப் பதிவு முடிந்தது. வெளியூரில் இருந்த இரண்டு பேருக்கு முடியவில்லை. கடைசி நாளை அரசு நீட்டித்தால் ஒழிய, அந்தப் பருவத்துக்கு அவர்கள் இனிச் சேர முடியாது.

போனில் வாட்ஸ்அப் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் நிற்கிறது, டவர் கோளாறா, வைரஸா, புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இதற்குள் வேறு சிம் ஒன்றும் வாங்கிவிட்டார். கடிதத்தின் கடைசியில், மின்சாரம் போய் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை என்றும், அப்போதெல்லாம் லேப்டாப்பில் தேதி 2012 என்று காட்டுகிறது என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். விடை அந்த வரியில்தான் இருக்கிறது. ஆனால் இதே தொல்லை மற்றவர்களுக்கு வேறு காரணத்தால் வரலாம் என்பதால் வரிசையாகப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் ஒரு குறி இருக்கும். சின்னக் கடிகாரம் தெரிந்தால் செய்தி இன்னும் நம் கருவியை விட்டே கிளம்பவில்லை. ஒற்றை டிக் என்றால் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விட்டது, பெறுகிறவரின் கருவிக்குப் போகவில்லை. இரட்டை டிக் என்றால் அவர் கருவியில் போய் விழுந்துவிட்டது. இரண்டும் நீலமானால் அவர் திறந்து பார்த்துவிட்டார். நீலம் காட்டாதபடி சிலர் அமைத்து வைத்திருப்பார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள இந்தக் குறிகளே போதும். கடிகாரம் நின்றால் பழுது அனுப்புகிறவர் பக்கம். ஒற்றை டிக்கில் நின்றால் பழுது அந்தப் பக்கம்: அவர் போன் அணைந்திருக்கலாம், நெட் இல்லாமல் இருக்கலாம், நம் எண்ணையே தடுத்து வைத்திருக்கலாம். அப்போது நம் லேப்டாப்பைக் குடைந்து பயனில்லை. கம்ப்யூட்டரில் கடிகாரக் குறியோடு நிற்கும் செய்தி அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் கிடக்கிறது. அதைப் போன் எடுத்து அனுப்பாது. மூடியை மூடினால், தபால் பெட்டியில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வீடு திரும்பிய கடிதம் மாதிரிதான். அன்று மாலை பதினோரு பேருடைய காகிதங்களுக்கும் நடந்தது அதுதான்.

கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் முதல் வேலையாக மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொண்டுபோவார் யாரும் இல்லை. மூன்று பேஸும் வருகிறதா, ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா, குழாயில் காற்று இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டாருக்குப் போவார்கள். கம்ப்யூட்டர் வாட்ஸ்அப்புக்கும் அதே முறைதான். நெட், போன், கம்ப்யூட்டர், நிறுவனம் என்று நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில் அறுந்திருக்கும். செலவில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நெட் வருகிறதா என்று பார்க்க, அதே கம்ப்யூட்டரில் வேறு ஏதாவது ஒரு தளத்தைத் திறக்க வேண்டும். வானிலைத் துறையின் தளமாக இருந்தாலும் போதும். எதுவுமே திறக்கவில்லை என்றால் குறை நெட்டில். மற்றவை திறந்து வாட்ஸ்அப் மட்டும் திறக்கவில்லை என்றால் குறை வேறு இடத்தில். வைஃபை குறி முழுசாகத் தெரிகிறதே என்று பலரும் ஏமாறுகிறார்கள். அந்தக் குறி, லேப்டாப்புக்கும் மோடத்துக்கும் இடையே வாய்க்கால் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று அது சொல்லாது.

கிராமங்களில் பெரும்பாலும் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப் ஓடுகிறது. ஒரு நாளைக்கு இவ்வளவு ஜிபி என்று அளந்து கொடுக்கும் ரீசார்ஜ்தான் அதிகம். லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் சேர்த்ததுமே விண்டோஸ் தன் புதுப்பித்தல்களை இறக்கத் தொடங்கிவிடும். யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைய அளவு அதிலேயே தீர்ந்துபோகும். அதன் பிறகு வேகம் ஊர்ந்துதான் வரும்: எழுத்துச் செய்தி தட்டுத் தடுமாறிப் போகும், அடங்கல் படம் கடிகாரக் குறியோடு நின்றுவிடும். விண்டோஸ் 10-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் வைஃபை அமைப்புக்குள் போய், அந்த இணைப்பை ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ என்று குறித்துவிட்டால் இந்தத் திருட்டுப் பாசனம் பெருமளவு நிற்கும்.

புதுப் போன், பழைய லேப்டாப் என்ற ஜோடியில் இன்னொரு சிக்கல் உண்டு. புதுப் போன்கள் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கொடுக்கக்கூடும். பல பழைய லேப்டாப்புகளுக்கு 2.4 மட்டுமே தெரியும். அப்போது ஹாட்ஸ்பாட்டின் பெயரே பட்டியலில் வராது. போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 என்று மாற்றினால் உடனே வந்துவிடும். அதுவும் சரிவராவிட்டால் சார்ஜர் வயரால் போனையும் லேப்டாப்பையும் இணைத்து ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதைப் போடலாம். வயரில் வருகிற நெட் வைஃபையைவிட நம்பகமானது. கூடவே போனும் சார்ஜ் ஆகும்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருப்பவர்கள் மோடத்தின் விளக்குகளைப் பார்க்கப் பழக வேண்டும். ‘எல்ஓஎஸ்’ என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ மினுக்கினாலோ வெளியே எங்கோ கேபிளில் ஒளி வரவில்லை என்று பொருள். ஜேசிபி பள்ளம் தோண்டும்போது அறுந்திருக்கலாம், மரக்கிளை விழுந்திருக்கலாம். லேப்டாப்பை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது எரியத்தான் செய்யும். புகார் பதிவு செய்வது ஒன்றே வழி. கடலோர ஊர்களிலும் உப்பளங்களை ஒட்டிய ஊர்களிலும் இன்னொன்றும் நடக்கும். உப்புக் காற்றில் வயர் முனைகளும் பிளக்கின் பித்தளைக் காலும் களிம்பேறிவிடும். விளக்கு எரிகிறது, ஆனால் நெட் விட்டு விட்டு வருகிறது என்றால் கரண்டை அணைத்து, முனைகளைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். ஃபைபர் வயரின் முனையை மட்டும் கையால் தொடக் கூடாது.

அடுத்து போன். கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் வாட்ஸ்அப் வெப் 2015 ஜனவரியில் வந்தது. அந்தக் காலத்தில் போன் பக்கத்தில் உயிரோடு இருந்தால்தான் கம்ப்யூட்டரில் செய்தி வரும்; போனில் சார்ஜ் போனால் கம்ப்யூட்டரும் ஊமையாகிவிடும். 2021-க்குப் பிறகு இது மாறிவிட்டது. இப்போது ஒரு போனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். போன் அணைந்திருந்தாலும் அவை தம் போக்கில் வேலை செய்யும். ஆனால் 14 நாள் போனில் வாட்ஸ்அப்பைத் திறக்காமலே விட்டால் இணைத்த கருவிகள் எல்லாம் தானாக வெளியேற்றப்படும். போனை வீட்டில் வைத்துவிட்டு வெளியூர் போய் வருகிறவர்கள் திரும்பியதும் கம்ப்யூட்டர் கேட்கும் கியூஆர் கட்டத்தைப் பார்த்துப் பயப்படுவது இதனால்தான். போனை மாற்றி, புதுப் போனில் வாட்ஸ்அப் போட்டாலும் மறுபடி இணைக்க வேண்டும்.

இதில் இன்னொரு மாற்றமும் உண்டு. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை முதலிய செயலிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. பதிவு செய்த சிம் போனுக்குள் இல்லாமல் செயலி ஓடக் கூடாது, கம்ப்யூட்டரில் ஓடும் வெப் இணைப்பு 6 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வெளியேறி மறுபடி கியூஆர் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். சைபர் மோசடியைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஆகவே சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒழுங்காக வெளியேறுகிறது என்றால் இயந்திரம் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பழைய சிம்மைக் கழற்றிவிட்டு வேறு சிம்மில் நெட் போட்டுக்கொள்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையூரணி வாசகர் புது சிம் வாங்கியது வீண் செலவு. பழைய சிம்மைத் தூக்கிப் போடாமல் இருந்தால் சரி.

மறுபடி இணைக்க: போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்பதற்குள் போய், கம்ப்யூட்டர் திரையில் தெரியும் கியூஆர் கட்டத்தைக் காட்ட வேண்டும். போன் கேமரா கீறல் விழுந்து மங்கியிருந்தால், தொலைபேசி எண் மூலம் இணைக்கும் வழியும் உண்டு. கம்ப்யூட்டரில் எண்ணைக் கொடுத்தால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று தெரியும். அதைப் போனில் போட வேண்டும். இணைத்த உடனே பழைய செய்திகள் எல்லாம் வந்துவிடாது. போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தபடி, நெட்டோடு கொஞ்ச நேரம் விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டு மூடிவிட்டு, செய்தியெல்லாம் போய்விட்டது என்று பதறுவது தேவையில்லாத வேலை.

இனி கம்ப்யூட்டர். வாசகரின் 2012-க்கு வரலாம்.

சான்று விதைப் பையில் நீல அட்டை கட்டியிருக்கும். அதில் எந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கும். இணையத் தளங்களுக்கும் அப்படி ஒரு சான்று உண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். கம்ப்யூட்டர் ஒரு தளத்தோடு இணையும்போது அந்தச் சான்றை வாங்கித் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தன் கடிகாரம் 2012 என்று காட்டினால், இன்றைய சான்று அதற்கு இன்னும் பிறக்காத சான்று. போலி என்று எண்ணி இணைக்க மறுத்துவிடும். தேதி பார்க்காமல் விதை வாங்குகிற நம் ஆட்களைவிட அந்த இயந்திரம் கெட்டி. திரையில் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்றோ ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது’ என்றோ எழுத்து வருவது இதனால்தான். வைரஸும் இல்லை, டவரும் இல்லை.

மின்சாரம் போனால் மட்டும் ஏன்? லேப்டாப்பின் பெரிய பேட்டரி எப்போதோ செத்திருக்கும். கரண்ட் வயர் இருந்தால்தான் ஓடும் என்ற நிலை. அணைந்திருக்கும் நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதற்கென்று உள்ளே காசு அளவில் தனியாக ஒரு சிறு பேட்டரி உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆனால் அதுவும் தீர்ந்துபோகும். இரண்டும் செத்த லேப்டாப்பில், கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பிறந்த வருஷத்துக்கே திரும்பிவிடும்.

உடனடி வைத்தியம்: திரையின் வலது கீழ் மூலையில் உள்ள நேரத்தைத் தொட்டு, தேதி, நேரம், ஆண்டு மூன்றையும் சரி செய்து, நேர மண்டலத்தில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி’ என்ற வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பிரவுசரை மூடித் திறந்தால் வாட்ஸ்அப் வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. அன்றைக்கு இது தெரிந்திருந்தால் இரண்டு பேருடைய காப்பீடும் நின்றிருக்கும். நிரந்தர வைத்தியம் அந்தச் சிறு பேட்டரியை மாற்றுவது. மேசைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி இருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், பெரிய விலையில்லை. லேப்டாப்பில் வயரோடு வருகிற வகையும் உண்டு. அதைக் கடைக்காரர் பிரித்து மாற்றுவதே நல்லது. ‘கடிகார பேட்டரி மட்டும் மாற்றுங்கள்’ என்று தெளிவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மதர்போர்டே போய்விட்டது என்ற பேச்சு வரக்கூடும்.

கடிகாரத்தைச் சரி செய்தாலும் அந்த லேப்டாப்புக்கு இன்னொரு வயதான நோய் இருக்கிறது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் வந்த பலவற்றில் விண்டோஸ் 7-ம், கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 உடன் மைக்ரோசாப்ட் கை கழுவிவிட்டது. குரோம் பிரவுசரும் 2023 பிப்ரவரிக்குப் பிறகு விண்டோஸ் 7-க்குப் புதிய வடிவம் கொடுப்பதில்லை. வாட்ஸ்அப்பின் தனிச் செயலிக்கோ விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பின் வந்தது வேண்டும். பழைய பிரவுசரில் வாட்ஸ்அப் வெப் இன்று ஓடினாலும் ஒரு நாள் ‘பிரவுசரைப் புதுப்பிக்கவும்’ என்று நின்றுவிடும். அதற்காகப் புது லேப்டாப் வாங்கத் தேவையில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை இலவசமாகவே ஏற்றிக்கொள்ளலாம். அதன் பிரவுசரில் வாட்ஸ்அப் வெப் ஓடும். பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஊரில் ஒருவனாவது இருப்பான். ஒரு மதிய நேரம் போதும். அதற்கு முன் உள்ளே இருக்கும் கணக்குகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

வேறு சில சின்னக் காரணங்களும் உண்டு. பிரவுசரில் மறைவுச் சாளரத்தில் திறந்திருந்தால் மூடியதும் இணைப்பு போய்விடும். டிஸ்க்கில் துளி இடம் இல்லாமல் நிரம்பியிருந்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். விபிஎன் என்று எதையாவது பிள்ளைகள் விளையாட்டுக்காகப் போட்டு வைத்திருந்தால் அதை அணைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசி இடம் நிறுவனம். சில நேரம் எல்லாம் சரியாக இருந்தும் போகாது. 2021 அக்டோபர் 4 இரவு பேஸ்புக்கோடு வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் உலகமெங்கும் நின்றது. 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள் மதியம், மறுபடி இரண்டு மணி நேரம் போல நின்றது. நம் பக்கத்துச் செயலிக்கும் இது நடந்திருக்கிறது. தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் ‘அரட்டை’ செயலியில் 2025 செப்டம்பர் கடைசியில், ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேரத் தொடங்கினார்கள் என்று ஸ்ரீதர் வேம்பு சொன்னார். ஓடிபி வரத் தாமதம், செய்தி சேரத் தாமதம் என்று அப்போது தொல்லை வந்தது. வாய்க்கால் அளவுக்கு மேல் மடை திறந்த கதை. இப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்து வீட்டாருக்கும் போகிறதா என்று கேட்டால் போதும். அவருக்கும் போகவில்லை என்றால் காத்திருக்க வேண்டியதுதான். செயலியை அழித்துவிட்டு மறுபடி போடும் வேலையை மட்டும் செய்யக் கூடாது. சேமித்து வைக்காத பழைய செய்திகள் போய்விடும்.

பணம் போகிற இடம் வேறு. வாட்ஸ்அப் இணையவில்லை என்று கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ தேடி, வருகிற முதல் எண்ணுக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு. அப்படி வரும் எண்களில் மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவையும் இருக்கும். ‘நாங்களே சரி செய்து தருகிறோம்’ என்று எனிடெஸ்க் போன்ற செயலியைப் போடச் சொல்வார்கள். அது அவர்கள் கையில் நம் திரையைக் கொடுப்பதற்குச் சமம். எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றைச் சொல்லி அதை நம் போனில் போடச் சொன்னால், அவர்களுடைய கம்ப்யூட்டரில் நம் வாட்ஸ்அப்பை இணைக்கிறார்கள் என்று அர்த்தம். குறியீடு நம் கண் முன் உள்ள திரையில் தெரிய வேண்டும். வேறு யாரும் போனில் சொல்லிக் கேட்டதாக இருக்கக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

குழுவின் கணக்கைப் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. சொந்த லேப்டாப் இணையவில்லை என்று கடையின் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பை இணைத்து, பிரிண்ட் எடுத்துவிட்டு, காசு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இணைப்பு அங்கேயே இருக்கிறது. கடையில் அடுத்து உட்காருகிறவர் குழு உறுப்பினர் அத்தனை பேருடைய ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் பார்க்கலாம், வாசகர் பெயரில் செய்தியும் அனுப்பலாம். ‘குழுவுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று அவர் எண்ணிலிருந்து ஒரு செய்தி போனால் நம்பாமல் இருப்பார்களா? கடையை விட்டு இறங்கும் முன் போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குப் போய், அந்தக் கம்ப்யூட்டரின் பெயரைத் தொட்டு வெளியேற்ற வேண்டும். அதே பட்டியலை வாரம் ஒரு முறை பார்ப்பதும் நல்லது. தெரியாத பெயர் இருந்தால் யோசிக்காமல் வெளியேற்றலாம். நம்முடையதே ஆனாலும் மறுபடி இணைக்க ஒரு நிமிடம்தான்.

மறுபடி காப்பீட்டு விஷயத்துக்கே வந்தால், கடைசி நாளுக்கு ஒரே ஒரு வழியை நம்பியதுதான் உண்மையான சிக்கல். 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியைச் சுற்றிய கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது டெலிபோன் லைன் சரியில்லாத ஊர்களுக்கு வயர்லெஸ் கருவி வைத்தார்கள், மின்சாரம் போகும் என்று சோலார் வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் அந்த வரிசையில் ஒரு கண்ணி மட்டுமே. இங்கே 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தில் மின்சாரமும் போனும் பல ஊர்களில் சேர்ந்தே போயின. அந்த மாதிரி நாளில் எந்தச் செயலியும் உதவாது.

ஆகவே தேதி குறித்த காரியங்களை மூன்று நாள் முன்பே அனுப்பிவிட்டு, இரட்டை டிக் வந்ததா என்று பார்த்து, மையத்துக்கு ஒரு வார்த்தை போனிலும் கேட்டுவிட வேண்டும். நகல்களின் ஒரு பிரதி பென் டிரைவில் இருக்கட்டும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எதிர்பார்க்கிறவர்கள், இணைப்பு இல்லாத நாளில் கிசான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சாதாரண பட்டன் போனிலிருந்தே தமிழில் பேசலாம். காலை 6 முதல் இரவு 10 வரை எடுப்பார்கள்.

இதையொட்டியே ஆத்தூர் வாழை விவசாயி ஒருவர் சுருக்கமாகக் கேட்டிருக்கிறார்: போன் தொலைந்துவிட்டால் கம்ப்யூட்டரில் இருக்கும் வாட்ஸ்அப் என்ன ஆகும்?

வெளியேறும் வரை அது ஓடும். அந்த நேரத்தைப் பயன்படுத்திக் குழுவில் உள்ளவர்களுக்கு, போன் தொலைந்துவிட்டது, என் பெயரில் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று உடனே ஒரு செய்தி போட்டுவிடலாம். தேவையான அடங்கல், பில் படங்களைக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு சிம் நிறுவனத்துக்குச் சொல்லி அந்த எண்ணை முடக்கி, அதே எண்ணில் மாற்று சிம் வாங்க வேண்டும். போலீசில் புகார் கொடுத்த ரசீதோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால் தொலைந்த போனையே எந்த சிம்மும் போட முடியாதபடி தடுக்கலாம். மாற்று சிம்மைப் புதுப் போனில் போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்ததும் பழைய போனில் இருப்பது தானாக அணைந்துவிடும். கம்ப்யூட்டரும் அப்போது வெளியேறிவிடும். புதுப் போனோடு மறுபடி இணைத்துக்கொள்ள வேண்டும். பழைய செய்திகள் வேண்டுமென்றால் முன்கூட்டியே கூகுள் கணக்கில் சேமிப்பு போட்டிருக்க வேண்டும். அது போனில் வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘அரட்டைகள்’ என்ற பகுதிக்குள் இருக்கிறது.